கொடுத்துத்தான் பார்ப்போமே!

"கொடுத்துத்தான் பார்ப்போமே, மச்சான். கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?" என்றார் என் தங்கையின் கணவர்.

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை; அவரோடு அல்ல. அவர் நல்ல மனுஷர். பெண் மீது உயிரையே வைத்திருப்பவர். நல்ல மனுஷர்கள்தாம் இந்த வாக்கியத்தை அதிகம் சொல்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

குழந்தைக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பில் கரப்பான். மார்கழி பிறந்தால் இழுப்பு. கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது. புதுச் சட்டையைத் துவைக்காமல் போட்டால் மறுநாளே முதுகு சொல்லிவிடும். இப்படிப்பட்ட குழந்தைக்கு, ஆபீஸ் சிநேகிதர் யாரோ சிபாரிசு செய்தார் என்று, ஒரு புட்டி 'ஆன்டிஆக்ஸிடென்ட்' மிட்டாய் வாங்கி வந்தார். விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்குமாம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ரசாயனத்துக்கும் எனக்கும் கல்லூரி வாசலோடு உறவு தீர்ந்தது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புட்டியின் முதுகைப் படித்தேன். முன்பக்கம் ஆரஞ்சுப் பழமும் சிரிக்கிற குழந்தையும். முதுகிலோ சர்க்கரை, ஜெலட்டின், திராட்சை விதைச் சத்து, வாசனைச் சரக்கு, டார்ட்ரஸீன் என்னும் மஞ்சள் சாயம். எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு எழுத்தில் இரண்டு வரி: 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல', 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'. இரண்டாவது வரியை எழுதியவர் எவரோ, அவர் ஒருவர்தான் அந்தப் புட்டியில் உண்மை பேசியவர்.

அந்தச் சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலருக்கு அது உடம்பில் தடிப்பை உண்டாக்கும் என்பது வைத்தியர்கள் அறிந்த சங்கதி. அது சேர்ந்த தின்பண்டம், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும் என 2010 முதல் ஐரோப்பாவில் சட்டம். ஆக, ஆன்டிஆக்ஸிடென்ட் ஒத்துக்கொள்ளுமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், அதோடு கூட வந்த விருந்தாளிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சரி, அசல் சரக்குத்தான் என்ன? பிராணவாயுவிலிருந்து பிறக்கும் சில முரட்டுப் பொருள்கள் உடம்பை அரிக்கின்றன. அவற்றை அடக்குவதே இதன் வேலை என்பது விற்பவர்கள் கட்சி. பாதி உண்மை. நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல அதே முரட்டுச் சரக்கைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதைத் தயாரிக்க முடியாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. கிருமி நோய்கள் அவர்களை ஓயாமல் பிடுங்கித் தின்கின்றன.

பின்லாந்து தேசத்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. 1994-இல் முடிவு வெளியாயிற்று: அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 சதவிகிதம் அதிகம்! அவர்கள் புகை பிடிக்கும் பெரியவர்கள், நம் குழந்தை அப்படியல்லவே என்பீர்கள். வாஸ்தவம். 'கெடுதல் வராது' என்ற வாக்கியம் அங்கே செத்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் கண் அவியாமல் இருக்க நம் தேசத்தில் 1970-இல் வைட்டமின் ஏ கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றும் ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை, அளவு குறித்து, ஏட்டில் பதிந்து கொடுக்கிறார்கள். அங்கே குறை இன்னது என்று தெரியும். மிஞ்சினால் ஈரலில் தேங்கும் சரக்கு என்பதால் கணக்கும் உண்டு. நம் வீட்டில் நான் "என்ன குறைக்கு இது?" என்று கேட்டேன். பதில் இல்லை. வைட்டமின் சி-க்காக என்றாவது சொல்லக்கூடாதா? ஏழு வயதுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கர் கணக்கு. ஒரு கொய்யாப்பழம் அதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிடும். கொய்யா அவளுக்கு ஒத்துக்கொள்ளும். மூன்று வருஷமாகத் தின்கிறாள்.

எனக்குத் தெரியாமல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கழுத்தெல்லாம் தடிப்பு. டாக்டர் அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "புதிதாக என்ன கொடுத்தீர்கள்?" தங்கை மிட்டாயைச் சொன்னாள். பிறகு தயங்கி, அதே வாரம் சோப்பையும் மாற்றியதைச் சொன்னாள். "இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தால் நான் யாரைப் பிடிப்பேன்?" என்றார் டாக்டர். ஆகவே மிட்டாய்தான் குற்றவாளி என்று நானும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. சொறிந்து சொறிந்து மூன்று இரவு தூங்காதது குழந்தை. அதற்கு மட்டும் நான் சாட்சி.

இரண்டும் நின்றன. தடிப்பு அடங்கியது. ஒரு மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சோப்பு மட்டும் தனியாகத் திரும்பி வந்தது, ஒன்றும் செய்யவில்லை.

"அப்படியானால் மிட்டாயையும் தனியாக ஒரு தரம் கொடுத்துப் பார்க்கலாமா, மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. பாதிப் புட்டி பாக்கி இருந்தது.

என் தங்கை அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.