வண்டி இரண்டு, ஓட்டுநர் ஒருவர்

வீட்டுக்கு ஒரு கார் என்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் போய், போர்ட்டிகோவில் ஒன்று, தெருவோரம் ஒன்று என இரண்டு கார் நிற்கும் வீடுகள் பெருகிவிட்டன. அப்பா ஆசையாக வாங்கிய பழைய காரை விற்க மனம் வராது. வெளியூருக்குப் பெரிய வண்டி, மார்க்கெட்டுக்குச் சின்ன வண்டி என்று சிலர் பிரித்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒரே ஒருவராக இருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு பழைய மாருதி 800, ஒரு புது ஹேட்ச்பேக். இரண்டும் என் பெயரில். ஓட்டுவதும் நான் மட்டுமே.

இப்படி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ரென்யூவல் நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தானே ஓட்ட முடியும்? அப்புறம் எதுக்கு ரெண்டுக்கும் முழுசா இன்ஷூரன்ஸ்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாலிசித் தாளைப் பொறுமையாகப் படித்தால், அதில் மூன்று தரப்புக்கான பணம் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். ஒன்று வண்டிக்கு. ஒன்று வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு. இன்னொன்று, நம் வண்டியால் அடிபடக்கூடிய முன்பின் தெரியாத ஒருவருக்கு. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் அந்த முன்பின் தெரியாதவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி, பொது இடத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1000 சி.சி. வரையிலான காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கும் மேல் 7,897 ரூபாய். என் இரண்டு காருக்கும் சேர்த்து 5,510 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ஏறக்குறைய 6,500. நாள் கணக்கில் பார்த்தால் பதினெட்டு ரூபாய்கூட இல்லை. இந்தத் தொகைக்கு, வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை, அது எத்தனை லட்சமானாலும், கம்பெனி கட்டுகிறது.

"ஓட்டாமல் நிற்கிற வண்டி யாரை இடிக்கப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு 1991-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல விரும்புகிறேன். மகாராஷ்டிராவில் பெட்ரோல் டேங்கர் ஒன்று லாரியோடு மோதி, சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்து கிடந்தது. சில மணி நேரம் கழித்து, கசிந்த பெட்ரோல் தீப்பிடித்து வெடித்ததில் அங்கே கூடியிருந்தவர்கள் பலர் இறந்தார்கள். அப்போது டேங்கர் ஓடவில்லை, அதனால் இழப்பீடு வராது என்று வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. நகராமல் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில் உள்ள வண்டிதான் என்றது. தெருவோரம் கவர் போட்டு நிறுத்தியிருக்கும் பழைய காரை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு மச்சான் சாவி வாங்கிக்கொண்டு போவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று நாமே ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று எடுப்போம். விபத்துக்கு அந்த ஒரு சுற்று போதும்.

பாலிசி இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்தை நாம் கட்டிவிடுவோம். அடிபட்டவர் குடும்பம் என்ன செய்யும்? கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது டூவீலருக்கு ஐந்து வருஷம் தேர்டு பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக எடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடைந்த கை கால்களை நாள்தோறும் பார்த்த ஒரு மருத்துவர் தொடங்கிய வழக்கு அது. எத்தனை வண்டி இருந்தாலும் இந்தப் பகுதியை ஒருநாள்கூட விடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது ஓட்டுகிற நாம். பாலிசித் தாளில் தேர்டு பார்ட்டி பத்தியின் கீழே 'பி.ஏ. ஓனர் டிரைவர்' என்று ஒரு வரி வரும். விபத்தில் உரிமையாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் 15 லட்சம் ரூபாய். இது உயிருக்கான காப்பீடு, உயிர் ஒன்றுதான். அதனால் இரண்டு கார், ஒரு பைக் என்று எத்தனை இருந்தாலும் ஒரு காப்பீடு போதும். 2019 ஜனவரி முதல் இதை வண்டியோடு சேர்க்காமல் தனியாகவே வாங்கிக்கொள்ளலாம். 24 மணி நேரமும் பொருந்துகிற, இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் குறைந்தது 15 லட்சம் தருகிற தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால், இந்த வரியே தேவையில்லை.

ஆனால் நடப்பது வேறு. பழைய காரின் ரென்யூவலுக்காகப் பேசிய கம்பெனிப் பெண்ணிடம், புதுக் காரிலேயே அது இருக்கிறது என்றேன். "இல்ல சார், அது கம்பல்சரி, சிஸ்டத்துல தானா வந்துடும்" என்றார். எடுக்க வழி இருக்கிறது மேடம், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, "ஒரு டிக்ளரேஷன் குடுத்தா எடுத்துடலாம் சார்" என்றார். ஒரு பக்க உறுதிமொழி, அவ்வளவுதான். கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமையாக இது இருக்கக் கூடாது. கேட்கத் தெரியாத எத்தனையோ பேர் ஒரே உயிருக்கு இரண்டு முறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பல வீடுகளில் இரண்டாவது கார் மனைவி பெயரில் இருக்கும், ஓட்டுவது கணவர். இந்த 15 லட்சம், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள, லைசென்ஸும் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். மனைவி பெயரில் உள்ள காரை ஓட்டிப்போய்த் தானாக மரத்தில் மோதி கணவர் இறந்தால், இந்த வரியால் பயனில்லை. தேர்டு பார்ட்டி என்றும் கேட்க முடியாது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் வண்டியோடு ஒட்டாத தனிநபர் விபத்துக் காப்பீட்டை வற்புறுத்துகிறேன். யார் பெயரில் உள்ள வண்டியில் போனாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் அது கூடவே வரும்.

மூன்றாவது, வண்டி. சொந்தச் சேதத்துக்கான இந்தப் பகுதி சட்டக் கட்டாயம் இல்லை. வண்டியின் மதிப்பைப் பார்த்து நாமே முடிவு செய்யலாம். ஐந்து வருஷத்தைத் தாண்டிய காரின் மதிப்பு, கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்வது. மாருதி 800-க்கு நான் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் மதிப்புள்ள வண்டியை "நிற்கத்தானே செய்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. இரண்டு கார் வைத்திருக்கும் ஒற்றை ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒன்றை மேலே ஏற்றிவிட்டு, மழையில் நடந்து வீடு திரும்பி, அடுத்ததை எடுக்க வேண்டும். அதற்குள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டால், மூழ்குவது ஓட்டாமல் வைத்திருந்த வண்டிதான். தண்ணீர் புகுந்த இன்ஜினைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டால் சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பைக் கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் வண்டிக்கு வண்டி தனிக் கணக்கு. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரு காரில் கிளெய்ம் வாங்கினால் மற்ற காரின் போனஸ் குறையாது. பழையதை வைத்துக்கொண்டே புதியது வாங்கினால், புதியது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழையதை விற்றால் போனஸ் வண்டியோடு போகாது; சான்று வாங்கிவைத்து மூன்று வருஷத்துக்குள் வேறு காரில் சேர்த்துக்கொள்ளலாம். ரென்யூவல் 90 நாள் தவறினால் சேர்த்த போனஸ் அத்தனையும் போய்விடும்.

குறைவாக ஓடும் வண்டிக்குக் குறைந்த பிரீமியம், ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசி என இரண்டு ஏற்பாடுகளையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. இரண்டுமே சொந்தச் சேதப் பகுதிக்குத்தான். ஃப்ளோட்டரில் கையெழுத்திடும் முன், ஒரு வண்டி கிளெய்ம் வாங்கினால் மொத்த போனஸும் போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேர்டு பார்ட்டி விகிதத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சி.சி.யை வைத்துத்தான் நிர்ணயிக்கிறது. வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கும் ஐம்பதாயிரம் ஓடும் காருக்கும் ஒரே தொகை. இரண்டாவது காருக்கு இங்கே ஒரு சலுகை தருவது நியாயம். அப்படித் தந்தால் காப்பீடு இல்லாமல் நிற்கும் பழைய வண்டிகள் பலவும் பாலிசிக்குள் வரும். ரென்யூவல் படிவத்திலேயே 'உங்களுக்கு வேறு வண்டி உண்டா?' என்று கேட்டு, இரட்டை விபத்துக் காப்பீட்டை கம்பெனியே நீக்குவதும் அதன் கடமை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். இந்த வாரம் இரண்டு பாலிசித் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். 'பி.ஏ. ஓனர் டிரைவர்' இரண்டிலும் இருந்தால் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தைத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் போடுங்கள். தேர்டு பார்ட்டி முடியும் தேதி இரண்டையும் காலண்டரில் குறித்துவையுங்கள். நமக்கானதில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம். ரோட்டில் நடந்து போகிறவருக்கானதில் பார்க்க நமக்கு உரிமை இல்லை.