கண்ணீர் மட்டும்தானா?

நாடுகடத்தப்பட்ட தலைவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் கொடுத்தது கண்ணீர்தான், அரசியல் அல்ல என்றார் எர்ணாவூர் வாசிப்புக் கூட்டமொன்றில் ஒருவர். கைதட்டலும் கிடைத்தது.

அவர் கடல் தாண்டிக் கொழும்பைப் பார்த்திருக்கலாம். எகிப்தில் அரசியலமைப்பு ஆட்சி கேட்ட அகமது அராபி பாஷா, 1882 டிசம்பரில் மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1883 ஜனவரியில் அங்கே வந்திறங்கினார். தண்டனை தானாகக் குறையவில்லை. வழக்கறிஞர் பிராட்லியை அமர்த்திச் செலவை ஏற்றவர் ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் பிளண்ட். அவர் மனைவி ஆன், கவிஞர் பைரனின் பேத்தி, அரபு மொழி தெரிந்தவர். அந்த வீட்டின் வசதியில் அவர் சொத்துக்கும் பங்குண்டு.

அராபிக்குத் துணைநின்ற இன்னொரு பெண், அயர்லாந்தின் லேடி கிரிகோரி, அப்போது 30 வயதுக்காரர். கணவர் இலங்கையின் முன்னாள் ஆளுநர். அராபிக்காக முதலில் எழுதிய அந்தக் கணவரின் சூடு தணிந்தது, மனைவியுடையது தணியவில்லை. விசாரணைக்கு முன், அக்டோபரில், ‘டைம்ஸ்’ இதழில் அராபியின் தாயையும் மனைவியையும் பற்றி எழுதினார். வெறியன் என்று லண்டன் பத்திரிகைகள் வரைந்த படத்துக்கு எதிரே எளிய வீடொன்றைக் காட்டினார். அடுப்படிச் சித்திரம் என்று எர்ணாவூர்க் கூட்டத்து நண்பர் ஒதுக்குவார். தூக்குக்கயிறு தொங்கிய வாரங்களில் அது பிரச்சாரம், அதுவும் குறி தவறாத பிரச்சாரம்.

இருவரும் மேட்டுக்குடியினர், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் காக்க உதவிய உயிரால் பயன்பெற்றோரில் தமிழ் பேசுவோரும் உண்டு: இலங்கை முஸ்லிம் கல்வியாளர் சித்திலெப்பையின் கல்வி இயக்கத்துக்கு ஊக்கம் தந்த அராபி, 1892இல் கொழும்பு மருதானையில் சாகிரா கல்லூரி தொடங்கியபோது உடனிருந்தார்.