உறவை விடாமல் மாறுவோம்



ஜலகண்டாபுரத்துத் தறிக்குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில், பாட்டி இங்கே தறியருகில். இவர்களை நாள்தோறும் இணைப்பது வாட்ஸ்அப். விடுமுறைக்கு வந்த மகன், "இது நம் விவரங்களைத் திரட்டுகிறது. அனைவரும் சிக்னலுக்கு மாறுங்கள், இல்லையேல் நான் இக்குழுவில் இரேன்" என்கிறான். வீட்டில் மனத்தாங்கல் எழுகிறது. இத்தகைய பிணக்கு இன்று பல இல்லங்களில் தோன்றுவதால், இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

இளைஞர் கூறுவதில் உண்மை உண்டு; எனினும் அதனை அளவோடு சொல்லவேண்டும். முன்னாளில் வரன் பேச்சையும் கடன் செய்தியையும் அஞ்சலட்டையில் எழுதாமல், உள்நாட்டுக் கடிதத்தில் எழுதி ஒட்டி அனுப்பினோம். குற்றத்தை மறைப்பதற்காகவா? அன்று, வீட்டுச் செய்தி வீட்டாருக்கே உரியது என்பதற்காக. வாட்ஸ்அப்பும் 2016 முதல் செய்திகளை ஒட்டிய கடிதம் போலவே அனுப்புகிறது. உள்ளிருப்பதை இடையில் எவரும் படிக்க இயலாது. ஆனால் யார், யாருக்கு, எந்நேரத்தில் எழுதினார் என்ற மேல்முகவரியை அந்நிறுவனம் அறியும். 2021 சனவரியில், தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் விவரங்களைப் பகிரும் விதிகளை ஏற்குமாறு அது கேட்டபோதுதான் பலர் விழிப்புற்றனர். அவ்விதிமாற்றத்தை முன்னிட்டு, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

சிக்னலை நடத்துவதோ இலாப நோக்கற்ற அறக்கட்டளை. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக விவரம் கேட்கப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர, கொடுப்பதற்கு அதனிடம் ஏதுமில்லை. சேர்த்து வையாததை எவரும் பறிக்க இயலாது அன்றோ?

நம் தமிழகத்துச் சோகோ நிறுவனத்தின் 'அரட்டை' 2025 செப்டம்பர் இறுதியில் பெரும் பேச்சாயிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த நிலை மாறி 3,50,000 பேர் சேர்வதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். நம்மவர் ஆக்கம் என்ற பெருமை நியாயமானதே. ஆயினும் அவ்வேளையில் அதன் அழைப்புகளுக்கு இருந்த அப்பாதுகாப்பு எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நாட்டுப்பற்று ஒன்று, அந்தரங்கக் காப்பு வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு உறவினரை வற்புறுத்தலாகாது.

செயலியைக் கைபேசியில் இறக்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் உறவினர் அங்கு இல்லையெனில் அதனால் பயன் யாது? ஒற்றைப் பாவு நூலைக்கொண்டு எவரும் துணி நெய்வதில்லை. ஆகவே, மாற விரும்புவோர் முதலில் நாள்தோறும் பேசும் ஒருவரை மட்டும் அழைப்பாராக. அச்சுறுத்தாமல் அருகமர்ந்து, தம் கையாலேயே செயலியை நிறுவி, எழுத்தைப் பெரிதாக்கி, பேரப்பிள்ளையின் முகத்தைக் காணொலியில் காட்டித் தருவாராக. முதியோருக்கு நூறு விளக்கங்களைவிட அந்த ஒரு முகமே போதும். இரகசிய எண்ணை மறவாமல் குறித்துவைக்கவும், ஓ.டி.பி. கேட்கும் மோசடிக்காரனிடமிருந்து எச்செயலியும் காவாது என்பதை உணரவும் கற்பிப்பாராக. நூல் வியாபாரியும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருக்கும்வரை, அதனையும் வைத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை.

அந்தரங்கத்தைப் பேணுவது எதற்காக? நம்மவர் நம்மிடம் மனந்திறந்து பேசுவதற்காக அன்றோ! அதன் பெயரால் ஒரு முதியவரையேனும் பேச்சுக்கு வெளியே நிறுத்திவிட்டால், கடிதத்தைக் கவனமாக ஒட்டியும் முகவரி எழுதாமல் விட்டவர் ஆவோம். இம்மாதம் இல்லந்தோறும் ஒருவருக்கு ஒருவர் பொறுமையுடன் கற்றுக்கொடுப்போம். அவர் கைப்பழகிய பின்னரே அடுத்தவரை அழைப்போம்.