பெண்ணுக்கு வில் எதற்கு?

வில் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவோர் இராமன், அருச்சுனன், ஏகலைவன் முதலானோரே. அனைவரும் ஆண்கள். ஆகவே, “பெண்பிள்ளைக்கு வில் எதற்கு?” என்று பெரியோர் கேட்பதில் வியப்பில்லை. ஆனால், அக்கேள்விக்கு நம் நாட்டுப் பெண்களே விடை கூறிவிட்டனர்.

ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். சிறுவயதில் மாங்காயைக் கல்லால் குறிபார்த்து அடித்துப் பழகியவர். 2010-ஆம் ஆண்டு டில்லி காமன்வெல்த் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றபோது அவருக்கு வயது 16. எங்களைவிட ஓராண்டே மூத்தவர்! ஜம்மு காஷ்மீரின் ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளின் வலிமையால் நாணை இழுத்து எய்கிறார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் பெற்றபோது அவருக்கு வயது 17.

“இவர்கள் எங்கே, நாம் எங்கே?” என்று தோழியர் மலைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். அதில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். புதிதாகக் கற்போரோ இலேசான வில்லுடன், சில மீட்டர் தொலைவிலேயே தொடங்குகின்றனர். முதற்பாடம் அம்பு எய்வதன்று, கட்டுப்பாடு. அம்பில்லாமல் நாணை இழுத்து விடலாகாது; வில் முறிந்து போகலாம். இலக்கில் தைத்த அம்புகளை எடுக்க ஒருவர் சென்றிருந்தாலும் மற்றவர் வில்லைத் தொடலாகாது. ஒவ்வொரு முறையும் நாண் தாடையில் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். இதற்கு வேகத்தைவிடப் பொறுமையே மிகுதியும் தேவை.

“செலவாகுமே!” என்பர் பெற்றோர். உண்மைதான். அயல்நாட்டு வில்லின் விலை, அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எங்கள் தந்தையருக்குக் கட்டாது. ஆனால், நம் நாட்டுப் போட்டிகளில் மூங்கில், மர விற்களுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. ஆளுக்கொரு வில்லும் வேண்டியதில்லை. நாலைந்து வில் இருந்தால் ஒரு வகுப்பே முறைவைத்துப் பழகலாம். உயர்ந்த தடுப்பும், தேர்ந்த பயிற்சியாளரும் மட்டும் கட்டாயம் வேண்டும்.

“பத்தாம் வகுப்பில் விளையாட்டா?” என்பது அடுத்த கேள்வி. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியதும் எங்களிற் பலருக்கு மைதானம் என்பது பேருந்துக்குப் போகும் வழியாக மட்டுமே ஆகிவிடுகிறது. ஓட்டத்திலும் வலைப்பந்திலும் தேர்ந்தவர் சிலர் மட்டும் ஆட, மற்றவர் கைதட்டுகிறோம். வில்வித்தையில் உயரமானவள், குள்ளமானவள், வேகமாக ஓட இயலாதவள் என அனைவருக்கும் இடமுண்டு. வாரம் ஒரு மணி நேரத்தால் மதிப்பெண் குறைந்துவிடாது.

பதக்கம் வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. எங்களுக்குப் பின் வரும் தங்கைகளுக்கேனும் மைதானத்தின் ஓர் ஓரத்தையும் வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் தாருங்கள் என்றே அன்புச் சகோதரிகளையும் பெற்றோரையும் வேண்டுகிறோம்.