காசு என்னுது, கீபோர்டு என்னுது, விசை யாருது?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: எல்லா விசைகளையும் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். அடியில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இன்னொரு வரி: விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல். காசை வாங்கியது முதல் வரியைக் காட்டி. என்னை ஆட்டிவைப்பது இரண்டாவது வரி.

கேமிங் கீபோர்டில் அப்படி என்ன கூடுதல்? இடது ஓரத்தில் ஆறு மேக்ரோ விசைகள். ஒன்றைத் தட்டினால் பத்து விசைகளை வரிசையாக அடித்த வேலை நடக்கும். அதற்காகத்தான் சாதாரணக் கீபோர்டின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தேன். லினக்ஸில் செருகினேன். எழுத்து வருகிறது, எண் வருகிறது, ஒலி கூடுகிறது, குறைகிறது. அதற்கு நிறுவனத்தைக் கும்பிட வேண்டியதில்லை. கீபோர்டு, மவுஸ் போன்ற யூஎஸ்பி சாதனங்களுக்கெல்லாம் பொதுவாக எழுதி வெளியிட்ட எச்ஐடி தரநிலை கொடுத்த வரம் அது. அந்த ஆறு விசைகளோ எஃப்1, எஃப்2 என்று மேல் வரிசையில் இருப்பதையே ஒப்பிக்கின்றன. கர்னலுக்குப் போய்ச் சேரும் எண் ஒன்றுதான். நான் தட்டியது மேலேயா ஓரத்திலா என்று அதற்கு எப்படித் தெரியும்? பிரித்துச் சொல்லும்படி கீபோர்டுக்கு ஒரு கட்டளை அனுப்பினால் போதும், சொல்லிவிடும். அந்தக் கட்டளை என்ன என்பதுதான் நிறுவனத்தின் ரகசியமாம்.

ரகசியம்! அணு உலையா வைத்திருக்கிறீர்கள் உள்ளே? சில பைட்டுகள், ஐயா. எந்த இடத்தில் எந்த எண் என்று ஒரே தாளில் எழுதி முடித்துவிடலாம். அந்தத் தாளைக் கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். லினக்ஸுக்கு ஆதரவு இல்லை, விண்டோஸ் கணினியில் செருகிப் பார்க்கவும் என்று பதில். நான் கேட்டது ஆதரவே இல்லையே!

சரி, அவர்கள் சொன்னபடியே செய்வோம் என்று லினக்ஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினி ஒன்றில் விண்டோஸை ஏற்றி, கீபோர்டை அதற்குத் தாரைவார்த்தேன். நூற்றுக்கணக்கான மெகாபைட்டில் ஒரு மென்பொருள் இறங்கியது. திறந்ததும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. என் மேசையில் இருக்கும் ஒரு விசைக்கு வேலை கொடுக்க, நான் யாரென்று எவனிடமோ பதிந்துகொள்ள வேண்டும்! பதிந்தேன். முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பி என்றது. புதுப்பிக்கும்போது கீபோர்டு வேறொரு அடையாள எண்ணோடு மறுபிறவி எடுக்கிறது. அந்தப் புது எண் மெய்நிகர் கணினிக்குத் தெரியாது. லினக்ஸ் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, புதுப்பித்தல் பாதியில் நின்றது. அதையும் ஒருவழியாகச் சமாளித்து மேக்ரோக்களைச் சேமித்தால், கீபோர்டின் நினைவகத்தில் ஏறியது விளக்கு அலங்காரம் மட்டும். மேக்ரோக்கள் அந்த மென்பொருளோடு விண்டோஸிலேயே தங்கிவிட்டன. அந்த அலங்காரமாவது நான் கேட்டதா? மாரியம்மன் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி, விடிய விடிய வானவில் ஓடுகிறது.

‘பேசாம விண்டோஸ் போட்டுட்டுப் போயேன்’ என்பார்கள் நண்பர்கள். எதற்குப் போட வேண்டும்? விளையாட்டு லினக்ஸில் ஓடாது என்ற காலம் மலையேறிவிட்டது. 2018-இல் வால்வ் நிறுவனம் புரோட்டானைக் கொண்டுவந்தது. அதன் தயவில் விண்டோஸுக்கென்றே எழுதிய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே ஓடுகின்றன. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸோடுதான் கடைக்கு வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த பிரம்மாண்ட ஆட்டங்கள் பலவும் இடம்பெயர்ந்து வந்து குடியேறிவிட்டன. அவற்றை ஆட வைத்திருக்கும் ஆறு பிளாஸ்டிக் விசைகளுக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர்கள் நிறுவனத்துக்காரர்கள் இல்லை, எவரோ தன்னார்வலர்கள். கணினிக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஓடும் பேச்சை யூஎஸ்பிமானும் வயர்ஷார்க்கும் கொண்டு ஒட்டுக்கேட்டு, விண்டோஸ் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த பைட் மாறுகிறது என்று ராத்திரி ராத்திரியாகக் குறித்து வைத்தவர்கள். ஓப்பன்ரேசர், சிகேபி-நெக்ஸ்ட், ஓப்பன்ஆர்ஜிபி எல்லாம் இப்படிப் பிறந்தவைதாம். எழுதவே தேவையில்லாத ஒரு துப்பறியும் கதையை எழுத வைத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான்களின் ஒரு கருவி என் கீபோர்டையும் பேச வைத்தது.

அத்தோடு முடிந்ததா? அந்தக் கருவிக்கு எச்ஐடி-ரா என்ற வாசல் வழியாகக் கீபோர்டை நேரடியாகத் தொட அனுமதி வேண்டும். அதற்கு, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவுக்கு விதிக் கோப்பு ஒன்று. கோப்பின் பெயர் 73-க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று வைத்தால் உள்நுழைந்த பயனருக்கு அனுமதி தரும் கட்டம் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். பிழை என்று ஒரு வார்த்தைகூட வராது. சும்மா இருக்கும்.

பிறகு அந்த ஆறு விசைகளுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? மேக்ரோ விசைகளுக்கென்றே லினக்ஸ் கர்னல் எண்கள் ஒதுக்கியிருக்கிறது, 656-இலிருந்து. கொடுத்தால், திரைக்குப் பொறுப்பான எக்ஸ்11-க்குக் கண் தெரியவில்லை. அது 255-க்கு மேல் எண்ணாது. கர்னலின் எண்ணோடு 8-ஐயும் கூட்டிக்கொள்ளும் என்பதால் 247-லேயே கடை அடைப்பு. சரி, யாரும் தொடாத எஃப்13-க்குப் போவோம் என்றால், எக்ஸ்கேபி பட்டியலில் அதற்கு ஏற்கெனவே ‘டூல்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எஃப்20 மைக்கை ஊமையாக்குகிறது. குண்டு போடத் தட்டினேன். அணியில் யாருக்கும் என் குரல் கேட்கவில்லை. இந்தப் பகுதி மட்டும் லினக்ஸ்காரர்கள் செய்த கூத்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கூத்தைத் திறந்த வெளியில் ஆடுகிறார்கள். எங்கே எந்த எண் முட்டுகிறது என்று மூல நிரலைப் படித்தே தெரிந்துகொள்ள முடிந்தது. கடைசியில் கீடி என்ற சின்ன நிரல், எக்ஸ்11, அதற்கு மாற்றாக வந்த வேலேண்ட் எதையும் சட்டை செய்யாமல், அவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு காரியத்தை முடித்தது.

முடியாததையா கேட்டேன்? கியூஎம்கே என்று திறந்த ஃபர்ம்வேர் ஒன்று இருக்கிறது. அடுக்கு, மேக்ரோ எல்லாவற்றையும் கீபோர்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும், யாருடைய மின்னஞ்சலும் கேட்காது. ஏடிமெகா32யூ4 என்ற சில்லில், வெறும் 32 கிலோபைட் இடத்தில் அது குடியிருக்கிறது. பெயர் தெரியாத சின்னக் கடைக்காரர்கள் அதைப் போட்டு விற்கிறார்கள். உங்களிடம் ஆள் இல்லையா, அறிவு இல்லையா? மனசு இல்லை.

லினக்ஸுக்கு மென்பொருள் எழுதித் தா என்று கேட்கவில்லை. பெட்டியில் பெங்குவின் படம் போடச் சொல்லவில்லை. எழுத ஆள் இருக்கிறார்கள், சம்பளம் வாங்காமலே எழுதுகிறார்கள். அந்தத் தாளைக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், அந்த வானவில்லை நிறுத்தும் பைட் எதுவென்றாவது சொல்லித் தொலையுங்கள், கண் எரிகிறது.