பழசு பேசுது: கடிகாரத்தின் உச்சியில் எதற்கு மூன்று வளையம்?

அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் சில மரக் கடிகாரங்கள் கண்ணைப் பிடித்து இழுக்கும். அலமாரியில் வைக்கும் அளவுதான். ஆனால் உச்சியில் ஒன்றோடு ஒன்று கோத்த மூன்று வளையங்கள், உள்ளங்கையில் ஓர் இதயம், அல்லது மூலைமட்டமும் காம்பஸும் செதுக்கியிருக்கும்.

வெறும் அலங்காரம் இல்லை. அந்த வீட்டுக்காரர் எந்தச் சங்கத்து ஆள் என்பதற்கான அடையாளம்!

மூலைமட்டமும் காம்பஸும் ஃப்ரீமேசன்களுடையது. மூன்று வளையம் 'ஆட் ஃபெல்லோஸ்' சங்கத்துடையது. நட்பு, அன்பு, உண்மை என்று பொருள். இங்கிலாந்தில் இருந்து வந்த தாமஸ் வைல்டி, 1819-ல் பால்டிமோரில் இதை அமெரிக்காவில் தொடங்கினார்.

செதுக்கியது யார்?

19-ம் நூற்றாண்டில் கனெக்டிகட் மாநிலத் தொழிற்சாலைகள் கடிகாரங்களை மலிவு விலையில் குவித்தன. பலர் உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தாங்களே செய்தார்கள். மரத்துக்கு எங்கே போவது? காலி சுருட்டுப் பெட்டிகள் கை கொடுத்தன. பேனாக்கத்தியால் விளிம்பைக் கொத்திக் கொத்தி, அடுக்கடுக்காக ஒட்டினால் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு பாசம்?

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1935-ல்தான். அதற்கு முன் கூலித் தொழிலாளி படுத்துவிட்டால் அடுப்பு எரியாது. மாதாமாதம் சந்தா கட்டிய சங்கம்தான் உதவித்தொகை தரும்; இறந்தால் அடக்கச் செலவையும் பார்க்கும். நோயாளியைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்க வைப்பது ஆகியவை ஆட் ஃபெல்லோஸின் கடமைகள்.

ஆனால் இந்த அன்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. பீட்டர் ஓக்டன் என்ற கறுப்பினக் கப்பல் ஊழியர் நேராக இங்கிலாந்திலேயே அனுமதி வாங்கி, 1843-ல் தனிக் கிளை தொடங்கினார். அவர்களும் அதே மூன்று வளையத்தையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்.

கையில் கிடைத்தால்...

மெருகு போடுகிறேன் என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள். கத்தித் தடம் மழுங்கிவிடும். உலர்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். பின்கதவைத் திறந்து பாருங்கள். பித்தளைத் தகட்டில் கம்பெனி முத்திரை இருக்கலாம். பழுது பார்த்தவர் கீறிய தேதியும் கிடைக்கலாம். அதையும் அழிக்காமல் விட்டுவையுங்கள்.