காலேஜு வாசலும் சாப்பாட்டுக் கூடமும்

நாவலூரிலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டில் இன்று காலேஜுகளுக்குக் குறைவில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும் தகப்பனார் கட்டிடத்தைப் பார்க்கிறார், பீஸை விசாரிக்கிறார். ஆனால் காலேஜு என்பது யார் பணத்தில், யாருக்காக ஏற்பட்டது என்று கேட்பவர்கள் மிகச் சிலரேயாவார்கள்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை மிகப் பழமையானது. அங்கே பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது சர்வகலாசாலை. பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்து, ஒரே கூடத்தில் சாப்பாடு போட்டு, ஒருவர் இருவராக உட்காரவைத்துப் பாடம் சொல்லுவது காலேஜு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து, தனி நிர்வாகம் உண்டு. 1264இல் மெர்ட்டன் காலேஜுக்கு ஏற்பட்ட திட்டமே பின்வந்தவைக்கு வழிகாட்டி.

வெள்ளைக்காரர்கள் பகுத்தறிவோடேயே பிறந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1438இல் ஏற்பட்ட ஆல் சோல்ஸ் காலேஜின் நோக்கங்களில் ஒன்று, பிரெஞ்சு யுத்தத்தில் மாண்டவர்களின் ஆத்மாவுக்காகப் பிரார்த்தனை செய்வதாகும். நம் நாட்டுத் திவசத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கிலீஷ் சர்ச்சின் கொள்கைகளை ஒப்புக்கொள்ளாதவர்கள் 1854 வரை ஆக்ஸ்போர்டில் சேரவே முடியாது. உத்தியோகங்களுக்கிருந்த மதத்தடை 1871ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் நீங்கிற்று. பெண்களுக்குப் பட்டம் 1920இல்தான் கிடைத்தது. எனினும் பிரார்த்தனைக்கு விட்ட சொத்து படிப்புக்கு ஆகி, பூட்டிய வாசலும் திறந்தது. கேட்டதனால்தான் திறந்ததேயொழியத் தானாகத் திறக்கவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதுதான். 1857இல் லண்டனைப் பார்த்து ஏற்படுத்தப்பட்ட சென்னைச் சர்வகலாசாலை, ஆரம்பத்தில் காலேஜுகளை இணைத்துக்கொண்டு பரீட்சை மட்டும் நடத்திற்று. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயிலுக்கும் தருமத்துக்கும் விட்ட பணத்தின் மிச்சத்தில் 1842இல் பள்ளிக்கூடம் பிறந்து, பின்னர் காலேஜாயிற்று. சாமிக்கு விட்ட பணம் படிப்புக்கு வந்தது சரிதான். ஆனால் இந்துக்களல்லாதாருக்கு அதன் வாசல் 1947இல்தான் திறந்தது.

வாசல் திறந்தால் மட்டும் போதுமா? பொதுஜனங்களிடம் வசூலித்த பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி போட்டதால் 1924, 25ஆம் வருஷங்களில் எழுந்த கிளர்ச்சியை நாம் மறந்துவிடலாமா? ஒன்றாய்ப் படிக்கவைத்து வேறாய் உண்ணவைப்பது படிப்பல்ல, ஜாதிக்குப் பயிற்சியேயாகும்.

தோழர்களே! ஒரு காலேஜின் யோக்கியதையைக் கோபுரம் போன்ற அதன் முகப்பைக் கொண்டு அளக்காதீர்கள். வாசலில் யாரை நிறுத்துகிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் யாரை எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏழைப் பிள்ளையின் ஹாஸ்டல் செலவுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். அதற்குப் பணமில்லை என்று யாராவது சொன்னால், நம் ஊர்த் திருவிழாவில் ஓரிரவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். செத்தவர்களுக்கு விட்ட சொத்தே உயிருள்ளவர்களின் படிப்புக்கு ஆயிற்றென்றால், உயிரோடிருக்கும் நம் பணம் ஏன் ஆகக்கூடாது?